சிவப்பு நூல் கட்டிய தக்காளி

என் மனைவி ஸ்லாத்கா சுட்ட மிளகாய்த் தட்டோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது, திராட்சைப் பந்தலுக்குக் கீழே நானும், எங்கள் மகள் நெவேனாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சோஃபியா பட்டணத்திலிருந்து வந்திருந்த பிளாமெனும் இரண்டாவது கிண்ணம் ரக்கியாச் சாராயத்தில் இருந்தோம். நடுவில் பெரிய தட்டு நிறையத் தக்காளித் துண்டுகள், மேலே துருவிய வெள்ளைப் பாலாடைக்கட்டி. அப்படி ஒரு தக்காளியை இந்த வருஷம் நான் தின்றதே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? இன்னொரு துண்டைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் மிளகாயைக் கீழே வைக்கவில்லை. வெட்டுப்பலகையின் ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று கிடந்தது. அதையே பார்த்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"தக்காளிக் காம்புல கட்டியிருந்துச்சு அத்தை," என்றான் பிளாமென், ஏதோ சாதித்துவிட்டவனைப் போல. "நான்தான் பறிச்சு வெட்டினேன். ஒரே பழம், தட்டு ரொம்பிடுச்சு!"

எங்கள் ஊரில் சிவப்பு நூல் கட்டிய பழம் என்றால் விதைப்பழம். அதை வீட்டு நாய்கூட முகர்ந்து பார்க்காது. பட்டணத்துப் பிள்ளைக்கு அதை யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஸ்லாத்கா கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. இளஞ்சிவப்பு, தோல் மெல்லிசு, ஒன்றை இரண்டு கையால் ஏந்த வேண்டும். நாற்று கேட்டால் ஊருக்கே கொடுப்பாள். விதை மட்டும் வீட்டு ஆட்களைத் தாண்டிப் போகாது. வசந்தத்தில் பழைய விதையை எலி தின்றது. கோடையில் ஆலங்கட்டி மழை எங்கள் செடியையும், ஊருக்குக் கொடுத்த நாற்றையும் சேர்த்து அடித்துப் போட்டது. ஒரு செடி பிழைத்தது. அதில் ஒரே பழம். கனிந்து கொழகொழவென்று ஆகட்டும் என்று தினமும் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

"சிவப்பு நூல்னா கண்ணு படாம கட்டறதுதானே?" பிளாமெனின் குரல் இறங்கிவிட்டது. "நாங்க வர்றோம்னு எங்களுக்காகக் கட்டி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அத்தை."

பிளாமெனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெவேனா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தீர்ந்தது கதை, மாப்பிள்ளை சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

"யாரும் முழுங்காதீங்க!" என்று கத்தினாள் ஸ்லாத்கா.

என் வாய் நிறையத் தக்காளி. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"துப்பு, மனுஷா!" என் தாடைக்குக் கீழே கிண்ணத்தை நீட்டினாள். துப்பினேன்.

பிறகு நாங்கள் நாலு பேரும் தட்டின் மேல் கவிழ்ந்தோம். நெவேனா சாற்றை டீ வடிகட்டியில் ஊற்றினாள். பிளாமென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாலாடைக்கட்டியைக் கத்தி முனையால் விலக்கி விலக்கி விதை பொறுக்கினான். காது வரைக்கும் சிவந்திருந்தான்.

"மாமா தின்னதெல்லாம்?" என்று கேட்டான் கவலையாக.

"அது நாளைக்குக் காலையில தானா வரும்," என்றாள் நெவேனா. "நீதான் காவல் இருக்கணும்."

முதலில் சிரித்தது ஸ்லாத்காதான். கையிலிருந்த கிண்ணம் ஆட, பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மாடி, எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பாலாடைக்கட்டியின் உப்புப் போக அலசி, விதைகளை ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டாள். உள்ளங்கை நிறையாது. ஆனாலும் ஒரு பாத்திக்குத் தாராளமாக வரும். அந்தச் சிவப்பு நூலை ஜாடியின் கழுத்தில் சுற்றிக் கட்டினாள்.

"மூணு நாள் புளிச்சு நுரை கட்டணும். அப்புறம்தான் கழுவிக் காய வைக்கறது," என்றாள் பிளாமெனிடம். "அதுவரைக்கும் இங்கேயே இரு. உன் பங்கு விதையையும் வாங்கிக்கிட்டுப் போ."

நெவேனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிளாமெனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல அத்தை, ஆபீஸுக்கு லீவு சொல்லல..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு," என்றாள் நெவேனா. "சரின்னு சொல்லு."

"சரி அத்தை."

"மொகத்தைத் தூக்கு," என்றாள் ஸ்லாத்கா.

தூக்கினான். முடிவெட்ட உட்கார்ந்த பையன் மாதிரி கண்ணையும் மூடிக்கொண்டான். அவள் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தாடிக்குள் ஒட்டியிருந்த ஒரு விதையை நகத்தால் மெல்ல எடுத்து ஜாடிக்குள் உதறினாள். அவன் எழப் பார்த்தான்.

"அசையாதடா. இன்னொண்ணு இருக்கு."