எழும்பாத மூன்று கோடுகள்

“எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு மிஸ், ஆஸ்பத்திரியில இருக்கோம், லீவு வேணும்” என்று சிவதர்ஷினிக்கு ஜூலியட்டின் செய்தி வந்தது.

மாத்தளையில் மூலிகைப் பண்டங்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடமொன்றில் சிவதர்ஷினி இரசாயனவியலாளர். அங்கே குடுவை கழுவும் ஜூலியட், தன் கணவன் ரொமேஷ் முழங்கால் நோவுக்குச் சாப்பிடும் பொடியைப் பதினேழு நாளைக்கு முன் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். கலேவெல ஊரில் ஒரு கடையில் வாங்கியது. அதில் ஈரலைக் கெடுக்கும் கூமரின் கலந்திருக்குமோ என்று சந்தேகம். பொடியிலிருந்து பிரித்த வெள்ளைப் பளிங்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, கார்பன் என்.எம்.ஆர். படம் எடுப்பித்தாள் சிவதர்ஷினி. அதில் கார்பனுக்கு ஒரு கோடு விழும். கூமரினில் ஒன்பது கார்பன். படத்திலோ ஆறே கோடுகள். அப்படியானால் கூமரின் இல்லை. “பயமில்லை, குடுங்கோ” என்று ஜூலியட்டிடம் அடித்துச் சொல்லிவிட்டாள்.

இப்போது அதே படத்தைத் திறந்தாள். அடியில் ஒரு வரி: கருவி மாதிரியை வானலையால் தட்டும்போது தட்டுக்குத் தட்டு இடைவெளி, அரை வினாடி. மாதிரிகள் குவிந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் நேரத்தை வெட்டுவார்கள். கூமரினில் மூன்று கார்பன்களுக்கு ஐதரசன் துணை கிடையாது. அவை மந்தமான பேர்வழிகள். ஒரு தட்டு வாங்கினால் ஆறி அமர நேரம் கேட்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மேலும் மேலும் தட்டினால் கோடு எழும்பாது. படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கோடுகளை எண்ணுமுன் அந்த வரியைப் பார்த்திருக்க வேண்டும். சிவதர்ஷினி அம்மணிக்கு அன்றைக்கு அவசரம்.

படத்தில் கோடுகள் எழும்பும் அடித்தளத்தை இருபது மடங்கு பெருப்பித்தாள். அளவுகோலில் 160இல் ஒரு முளை. 154இல் ஒன்று. 119இல் ஒன்று. வெறும் இரைச்சலென்று தள்ளிவிட்டவை. மூன்றும் கூமரினுக்குரிய இடங்களேதான். உடனே ஜூலியட்டுக்குப் போன் போட்டாள்.

நான்காவது தடவைதான் ஜூலியட் போனை எடுத்தாள்.

“ஜூலியட், அந்தப் பொடியை நிப்பாட்டிட்டீங்களோ?”

“இல்லைங்க மிஸ். வேற மருந்து எடுக்கிறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. இதச் சொன்னா வேணாம்பாருன்னு மறைச்சிட்டேன். நீங்க பாத்து நல்லதுன்னு சொன்னதாச்சே. ரெண்டு வேளையும் நானே ஊட்டுறேன். இந்தா, இப்பவும் கலக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“குடுக்காதேங்கோ. டாக்டரிட்ட உடனே காட்டுங்கோ. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“அப்ப இதுவரைக்கும் ஊட்டுனது, மிஸ்?”