சங்கு ஊதும் நேரம்

“கடைசி வரைக்கும் பாதி ஹாலாவது உக்காந்திருக்கணும்ங்க. இருந்தா மாசம் ஒரு ஞாயித்துக்கெழம ஹால் உங்களுக்கு. இல்லன்னா கேரம் போர்டு போட்ருவோம்” என்றார் ராமப்பன், ஓசூர் தொழிற்பேட்டையின் தொழிலாளர் மன்றச் செயலாளர்.

“முக்கால் ஹால் இருந்தா மைக்கும் இலவசமா?” என்றாள் மாதேஸ்வரி.

“பாட்டனாரு புலவரு, அப்பா புலவரு. உங்களுக்கு மட்டும் இந்த வாய் எங்கிருந்துங்க வந்துச்சி?”

“அவங்க புஸ்தகத்த வித்த வாய்ங்க. கவித வித்தவளுக்கு அப்புறம் எந்தச் சரக்கும் பெருசில்ல.”

தாத்தா காவியம் எழுதினார். அப்பா அதற்கு உரை எழுதினார். அண்ணன் சிவராஜ் உரைக்கு முன்னுரை எழுதிவருகிறார். முதல் இரண்டையும் முழுதாகப் படித்தவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர் ஒருவர்தான். மாதேஸ்வரி நாடகத்துக்கு வந்தாள். எழுதுவது, ஆள் சேர்ப்பது, திரை தைப்பது, போஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவளே. ஆனாலும் ரத்தம் விடுமா? அவள் எழுதிய பாத்திரங்கள் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. போன நாடகத்தில் அரைமணி நேரத்தில் கூட்டம் எழுந்து எதிரிலிருந்த பிரியாணிக் கடைக்குப் போய்விட்டது. அண்ணன் மட்டும் கடைசிவரை இருந்தார், அவர் சைவம்.

இந்த முறை ஒரே காட்சி, நாற்பது நிமிடம். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடைசியில் சமாதானம். புருஷனாக நடிப்பவன் முத்துமணி, பிழைக்க வந்த ராமநாதபுரத்துக்காரன். பெண்டாட்டியாக நடிப்பவள் சுகுணா, பக்கத்து ஊர் உத்தனப்பள்ளி. இரண்டு பேருக்கும் எதிரெதிர் ஷிப்டு. இவன் வெளியே வந்து அவள் உள்ளே போவதற்குள் கேட் எதிரிலுள்ள டீக்கடையில் இருபது நிமிடம் கிடைக்கும். வாரம் மாறினால் ஆள் இடம் மாறும். இருபது நிமிடம் மாறாது. ஒருநாள் முதல் பாதி, மறுநாள் இரண்டாம் பாதி என்று இரண்டு மாதம் ஒத்திகை. ஷிப்டுச் சங்கு ஊதினால் நிறுத்தம். முழுக்காட்சியை ஒரே மூச்சில் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. கஜக்கோலால் பாதித் துணியை அளந்துவிட்டு முழுச் சட்டைக்கு வெட்டிய மாதிரிதான்.

ஞாயிறு நாலு பத்துக்குத் திரை விலகியது. ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அண்ணன், மடியில் பிரதியோடு. பரிமாறி வைத்த தட்டைச் சுகுணா தொடவில்லை, சண்டை நன்றாகவே சூடுபிடித்தது. நாலரைக்குப் பக்கத்துக் கம்பெனியின் சங்கு ஊதியது.

சுகுணா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். மேடையில் கிடந்த சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். செருப்புக்குள் காலை நுழைத்தாள். விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் வந்து மாதேஸ்வரி மேல் மோதிக்கொண்ட பிறகுதான் விழித்தாள்.

“ஐயோ அக்கா! சங்கு ஊதுச்சா... காலு தானா வந்துடுச்சி. திரும்பப் போவட்டுமா?”

மாதேஸ்வரியின் கையில் இன்னும் பதினோரு பக்கம் இருந்தது. சமாதானம் முழுக்க அதில்தான். முன்வரிசையில் அண்ணன் இந்தக் காட்சி எந்தப் பக்கம் என்று புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

ஹாலின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “வாய் ஓயாம பேசினானே பாவி, சாப்ட்டியான்னு கேட்டானா? வெறும் வயித்தோட போறா பாரு.” பக்கத்தில் யாரோ கன்னடத்தில் உச்சுக் கொட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆட்களை எண்ணுவதற்காகக் கதவருகே நின்ற ராமப்பன், நீட்டிய விரலை மடக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் பிரியாணி தம் உடைத்த வாசனை உள்ளே வந்தது. நாற்காலி ஒன்றும் நகரவில்லை.

“போவட்டுமாக்கா?”

“இரு. நீ வேலைக்குப் போயிருக்க. உனக்கு ஷிப்டு முடியல இன்னும்” என்றாள் மாதேஸ்வரி. பதினோரு பக்கத்தையும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேடையில் முத்துமணி தனியாக நின்றான். வாசலைப் பார்த்தான். அவள் தொடாத தட்டைப் பார்த்தான். அதிலிருந்தது சோறல்ல, பஞ்சு. மெதுவாக உட்கார்ந்து இன்னொரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்தான். சற்றுக் கழித்து மேல்தட்டில் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தான்.