கியர் விழுந்த சத்தம்

மோட்டாரின் மூடியைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தொறந்துட்டேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர். முப்பது வருஷம் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிய படகோட்டியை மூன்று மாதமாக நுரையீரல் நோய் படுக்கையில் போட்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு இருவரும் மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள்.

படகின் மோட்டார் முற்றத்து மரச்சட்டத்தில் தொங்கியது. அதன் கால் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இருந்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, கியர்தான் விழவில்லை. லிவரை முன்னால் தள்ளினால் கரகரவென்று உறுமும், தண்ணீரைத் தள்ளும் விசிறி சுற்றாது.

படகைத் தன் தம்பியிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. நானே ஓட்டுவேன் என்பது அவள் கட்சி. ஓட்டுவதை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நடு ஆற்றில் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டே அவள் வாயை அடைத்துவந்தார். அன்று காலையில்தான் ஒருவழியாக இறங்கிவந்தார். கியரை அவள் கையாலேயே சரிசெய்துவிட்டால் படகு அவளுக்கு. இல்லையென்றால் சாயங்காலம் தம்பி வந்து எடுத்துப் போவான்.

லிவரை முன்னால் வைத்து விசிறியைக் கையால் சுற்றச் சொன்னார். தடையில்லாமல் சுற்றியது. லிவரோடு சேர்ந்து உள்ளே கம்பி இறங்குகிறதா என்று கேட்டார். கொஞ்சம் இறங்கி நின்றுவிடுகிறது என்றாள். லிவரிலிருந்து வரும் கம்பியையும் கியருக்குப் போகும் கம்பியையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டு வழுக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப கீழ ஒண்ணும் இல்ல. பூட்டுதான். பத்தாம் நம்பர் எடு."

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துப் பூட்டைத் தளர்த்தினாள். கம்பியைக் கீழே அழுத்தினாள். இறுக்கினாள். இறுக்கிவிட்டேன் என்று கத்தினாள். பதில் இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்தால் அவர் திட்டமாட்டார், வாயை மூடிக்கொள்வார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட, அவளே ருசி பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு, எந்த இடத்தில் தவறினோம் என்று வந்த வழியே திரும்பிப் போய்த் தேடப் பழகிக்கொண்டாள்.

"சொல்லாதீங்க, போங்க. நானே பாத்துக்கறேன்."

கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி லிவரைத் தள்ளினாள். அதே கரகரப்பு. நிறுத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். கம்பியை அழுத்தினாள், சரி. உள்ளே கியரின் பல்லின்மேல் பல் ஏறி நின்றிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் எப்படி இறங்கும்? விசிறியைச் சுற்றிக்கொண்டே அல்லவா அழுத்த வேண்டும்?

மறுபடி தளர்த்தினாள். ஒரு கை தண்ணீருக்குள் விசிறியில், ஒரு கை கம்பியில். மெல்லச் சுற்றினாள். டக்கென்று உள்ளே ஏதோ உட்கார்ந்தது. கம்பி இன்னும் கொஞ்சம் இறங்கியது. இறுக்கிவிட்டுக் கிளப்பினாள். லிவரைத் தள்ளியதும் பீப்பாய்த் தண்ணீர் பாதி எழும்பி அவள்மேல் கொட்டியது.

சொட்டச் சொட்ட உள்ளே ஓடினாள். "விழுந்துடுச்சுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கிட்டே போய்ப் பாதத்தைத் தொட்டாள்.

திரும்பி வந்து மோட்டாரை நிறுத்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பத்தாம் நம்பர் எடு என்றதற்கும் கியர் விழுந்ததற்கும் நடுவே முக்கால் மணி நேரம் இருக்கும். அதில் எந்த நிமிஷம் உயிர் போயிற்று? அவர் எப்போதும்போல வேண்டுமென்றே பேசாமல் இருந்திருந்தால், கியர் விழுந்த சத்தத்தைக் கேட்டிருப்பார். இல்லையென்றால் அவ்வளவு நேரமும் அவள் வெறும் ஜன்னலோடு கோபித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆளில்லை என்பதுதான் அவளுக்குத் தாளவில்லை.

சொன்னபடி சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். முகம் கழுவ முற்றத்துக்கு வந்தவர், கைப்பழக்கத்தில் லிவரைத் தள்ளி விசிறியைத் திருப்பிப் பார்த்தார். பிடித்து நின்றது.

"யாரு அண்ணி பாத்தது?"

"நான்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்தாள். "தெரியும் தம்பி. சத்தத்தக் கேட்டாரு. சரின்னாரு."

அண்ணன் வாழ்நாளில் யாரையும் பார்த்துச் சரி என்று சொன்னதில்லை. அவரிடமே தொழில் பழகிய கொழுந்தனாருக்கு அது தெரியாததல்ல. அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் குனிந்து, மோட்டாரைச் சட்டத்தோடு பிடித்திருந்த திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். துறையில் அவர் வந்த படகு நின்றுகொண்டிருந்தது.

"அக்கரையில எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். "உங்க படகுலயே போயிடலாம் அண்ணி. அந்தப் பக்கம் புடிங்க."

அவள் பிடித்தாள்.