வலது கைக்கு மாறிய மாமியார்

என் மனைவி ஓவியர். அவள் வரைந்ததில் ஊருக்குத் தெரிந்த ஒரே படம் என் மாமியார். ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார். பிறவி இடதுகைக்காரர். அந்தக் கைக்காகத்தான் படமே வரைந்தேன் என்பாள் மனைவி.

காலண்டர் அடிப்பவர் படத்தைப் போட்டோ எடுத்தார். அச்சுக்குப் போகும்போது பிலிமைத் திருப்பி வைத்துத் தொலைத்தார். ஒரே நாளில் மாமியார் வலது கைக்கு மாறிவிட்டார். மனைவி போய்க் கத்தியதற்கு, "அச்சாயிடுச்சும்மா. யாரு கையைப் பாக்கப்போறா?" என்றார் அந்தப் புண்ணியவான். தட்டு, தலையணை உறை, பல் டாக்டர் வீட்டுச் சுவர் என்று படம் போகாத இடமில்லை.

இந்தப் புகழைப் பார்த்து அருங்காட்சியகம் அசல் படத்தை இரவல் வாங்கி மாட்டியது. ஜனங்களுக்குப் பிடித்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம். மனைவிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

வந்த கூட்டமோ முகம் சுளித்தது. "போலிப்பா. கை மாறியிருக்கு பாரு." சிலர் படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள். போனில் கண்ணாடி மாதிரி திரும்பிக் கை வலதாகத் தெரிந்ததும், "இப்பதான் சரி" என்று கிளம்பினார்கள். ஓவியம் பார்க்க வந்து ஓவியத்துக்கு முதுகு காட்டிய அந்த மேதாவிகளை என்ன சொல்ல!

அருங்காட்சியக அதிகாரி தலையைச் சொறிந்தார். "உங்கம்மாவையே கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொல்லிட்டா படம் இங்கேயே இருக்கும்."

கூட்டிக்கொண்டு போனோம். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"அம்மா, நீங்க எந்தக் கையால தைப்பீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மாமியார் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "சோத்துக்கையாலதான். எம்பொண்ணு மாத்தி வரைஞ்சுட்டா."

அன்றைக்கே படத்தை இறக்கிவிட்டார்கள். காரில் ஏறியதும் மனைவி வெடித்தாள். "ஏம்மா இப்படிக் குடியைக் கெடுத்தே?"

"பீச்சாங்கை, பீச்சாங்கைன்னு அடிச்சே வளத்தாங்கடி என்னை. நீ என்னடான்னா அதையே ஊருக்குத் தூக்கிக் காட்டுற. அந்தக் காலண்டர்லதான் நான் ஒழுங்கா இருக்கேன்."

மனைவி சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். "அப்ப என் படம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. என்ன, உள்ளபடியே வரைஞ்சு தொலைச்சுட்ட."