ஒரு குரல்

துணைக்குப் போகவா இத்தனை வருஷம் இந்தப் பெண்களைப் பழக்கினேன்?

அசீசுன்னிசா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மேஜையில் நின்ற மாவட்டக் கூடைப்பந்துக் கோப்பையையே பார்த்தாள். அவளுடைய அணி மறுபடியும் ஜெயித்து வந்த கோப்பை.

“ஸ்டேட் மேட்ச் மெட்ராஸ்ல, டீச்சர். பெரிய கூட்டம். ஆம்பளக் குரல் இருந்தாத்தான் எடுபடும். ராஜாராம் சார் கோச்சா உக்காரட்டும், நீங்க பொண்ணுங்களுக்குத் துணையா போங்க” என்றார் தலைமையாசிரியர்.

பக்கத்தில் நின்ற ராஜாராம் கபடி வாத்தியார். “எனக்கு இன்னா சார் தெரியும்? பந்தப் புடிச்சிக்கினு ஓடுனா தப்புன்றாங்க, அதுவே புரியல” என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி மைதானம் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்கள் வேலியோரம் வந்து கத்துவார்கள். ஆரம்பத்தில் பெண்கள் ஒவ்வொரு கூச்சலுக்கும் திரும்பிப் பார்த்துப் பந்தை விட்டார்கள். எந்த ஆண் குரலுக்கும் திரும்பாமல், தன் குரலை மட்டும் கேட்டு ஆட அவள்தான் பழக்கினாள்.

“ராஜாராம் சார் கத்துனா எங்க பொண்ணுங்க திரும்பாதுங்க, சார்.”

“சொல்லி வைங்க. திரும்புவாங்க.”

மறுத்தால் தன்னை விட்டுவிட்டே போவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆண் குரலுக்குத் திரும்புங்கள் என்று அந்தப் பெண்களிடம் அவளால் சொல்ல முடியாது.

“சொல்ல மாட்டேன் சார்” என்றாள், குரலை உயர்த்தாமல். “வந்தா கோச்சாதான் வருவேன்.”