உருளை சுற்றுகிற திசை

கலவை லாரி ஓட்டுகிறவனுக்கு அபராதம் ஒன்றும் புதிதல்ல. தலைவலி மாதிரி அவ்வப்போது வந்துவிட்டுப் போகும். ஆனால் கலவையை வரவழைத்த அலுவலகமே அபராதமும் போட்டது அன்றைக்குத்தான்.

நகராட்சி அலுவலகத்தின் பின்புறம் புதிதாக ஒரு கூடம் கட்டுகிறார்கள். அதன் கூரைத் தளத்துக்குத்தான் உருளை நிறையக் கான்கிரீட் வந்திருந்தது. கேட்டுக்காரர் உள்ளே விடவில்லை. அனுமதிச் சீட்டு மாடியிலிருந்து இறங்கி வரவேண்டுமாம். அதுவரைக்கும் லாரி கேட்டுக்குப் பின்புறத்தைக் காட்டியபடி தெருவில் நின்றது. ஓட்டுநர் கேட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றான். அவன் பெண்டாட்டியின் அண்ணன், லாரியில் கூட வருகிறவன், முகம் கழுவப் போயிருந்தான். அந்த இடைவெளியில், தெருவை அடைத்து நிற்கும் வண்டிகளுக்குப் பூட்டுப் போடுகிறவர் வந்துவிட்டார். அவரும் அதே அலுவலகத்து ஆள்தான். சக்கரத்தில் மஞ்சள் பூட்டை மாட்டி, இஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்துவிட்டார்.

இஞ்சின் நின்றால் உருளை நிற்கும். உருளை நின்றால் உள்ளே இருப்பது இறுகும். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

இறுகிப்போன உருளைக்குள் அவன் ஒருமுறை இறங்கியிருக்கிறான். உளியும் சுத்தியலுமாகக் குனிந்தபடியே உடைத்துத் தள்ளினான். வெளியே வந்தபோது வலது காது கேட்காமல் போயிருந்தது. போனது போனதுதான். இன்னொரு தடவை இப்படி ஆனால் லாரிப் பக்கமே தலை வைக்காதே என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அவன் கவுண்டர் சன்னலில் பணத்தை நீட்டினான்.

"இந்தாங்க மேடம் அபராதம். சாவியக் குடுங்க."

"கேஷியர் சாப்பிடப் போயிருக்கார். வந்ததும் கட்டுங்க."

"நீங்க வாங்கி வையுங்களேன்."

"நான் எழுதுறவ. வாங்குறவ இல்ல."

"எழுதுற கைக்கு வாங்க வராதா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவுண்டர்க்காரிக்குச் சுருக்கென்றது.

"எகத்தாளம் பேசுனா கேஷியர் பறந்து வந்துருவாரா? அப்படி ஓரமா உக்காருங்க."

உட்கார்ந்தவனை போன் எழுப்பியது. மச்சான்.

"மாப்ளே, தட்டிப் பாத்தேன். சத்தம் கெட்டியாயிருச்சு. நீ அங்க என்ன, பொண்ணு பாக்கவா போயிருக்கே?"

அவன் மறுபடியும் சன்னலுக்குக் குனிந்தான். வீம்பை விழுங்கிக்கொண்டு பேசினான்.

"மேடம், வண்டிய எடுக்கல. பூட்டு அப்படியே இருக்கட்டும். உருளைய மட்டும் சுத்திக்கிறேன். இல்லன்னா என் பொழப்பு உள்ளேயே கல்லாயிரும்."

"வண்டி நகராதே?"

"பூட்டு போட்ட வண்டி எங்க மேடம் நகரும்?"

"சுத்துனதும் சாவி என் கைக்கு வந்துரணும்."

"கண்டிப்பா."

"சரி, சுத்திக்கோங்க."

கலக்கத்தான் நினைத்தான். சத்தியமாக வேறு நினைப்பில்லை. ஆனால் இஞ்சின் பிடித்ததும் உருளை பிள்ளை பெறுகிறவள் போல முனகியது. ஏணியில் ஏறி ஒரு பிடி அள்ளிப் பிசைந்தான். கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.

"தண்ணி ஊத்தி இளக்கிரலாமா?" என்றான் மச்சான்.

"ஊத்தலாம். தளமும் போடலாம். நாளைக்கு எவன் தலையில விழும்?"

ஓட்டுநர் பூட்டைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான். அலுவலகத்துக்கு அந்த ஒரே வாசல்தான்.

"மச்சான், தகரத்த இறக்கு."

"எங்க மாப்ளே?"

"அது எங்க பாத்துக்கிட்டு இருக்கோ, அங்கதான்."

மச்சானின் வாய் காதுவரைக்கும் விரிந்தது. கலவை வழிந்து விழுகிற இறக்குத் தகரத்தை வாசலுக்கு நேராகத் திருப்பினான். உருளை ஒரு பக்கம் சுற்றினால் கலக்கும், மறுபக்கம் சுற்றினால் கக்கும். ஓட்டுநர் நெம்புகோலை மறுபக்கம் தள்ளினான்.

முதலில் கட்டி கட்டியாக விழுந்தது. பிறகு மொத்தமாகச் சரிந்தது. கேட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்பக்கம் ஓடினார். சாம்பல் நிறக் குவியல் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை தொடை உயரத்துக்குப் படுத்துக்கொண்டது. கவுண்டர்க்காரி மூச்சிரைக்க வந்தாள்.

"சுத்துறேன்னுதானே சாவி வாங்கிட்டுப் போனே?"

"சுத்திக்கிட்டுத்தான் மேடம் இருக்கேன். எந்தப் பக்கம்னு நீங்க கேக்கலயே."

"இது ஆபீஸ் வாசல்யா!"

"கலவையும் ஆபீசோடதுதான். உள்ள விடல, வாசல்லயே எறக்கிட்டேன்."

"இதுக்குத் தனியா எழுதுவேன், பாத்துக்கோ!"

"எழுதுங்க. எழுதுறதுதானே உங்க வேல."

அதற்குமேல் அவள் கத்தியதற்கெல்லாம் வலது காதைக் காட்டினான். லாரித் தொட்டியின் தண்ணீரைப் பீய்ச்சி, உருளையின் உள்பக்கம் பளிச்சென்று தெரிகிறவரை கழுவினான். இஞ்சினை அணைத்தான். சொன்ன சொல் தவறாமல் சாவியைக் குவியலுக்கு மேலாக வீசினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கேஷியர் பல்லைக் குத்தியபடி தெருவில் வந்தார். குவியலைப் பார்த்தார். பளபளக்கும் தன் ஷூவைப் பார்த்தார்.

"சார், அந்தாளுக்குத்தான் அபராதம்! வாங்குங்க!" என்று கவுண்டர்க்காரி உள்ளேயிருந்து கூவினாள்.

"ரசீது புத்தகம் உள்ளதானே இருக்கு," என்றார் கேஷியர்.

ஓட்டுநர் பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே விசிறிபோல் ஆட்டினான்.

"ரொக்கம் ரெடி சார். நீங்க முன்னால கவுண்டருக்குப் போங்க, பின்னாலயே வர்றேன்."