படம் எடுத்தது யார்?

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவளைப் பல்செட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது? பல் லேபில் வேலை. ஊரில் பாதி வாய் அவள் கைபட்டது. அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அவள் அண்ணனுக்கு மேல்வரிசையைச் செய்து கொடுத்ததும் அவள்தான். அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் மனுஷர் தினமும் அவளைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி. சொந்தமாகக் கார் வாங்கினாள், அதுவும் சரி. லீவு போட்டுவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலைமலையாக ஏறி அருவி பார்க்கப் போகிறேன் என்றாள் பாருங்கள், அன்றைக்கென்று படிக்கட்டில் தூசு அதிகமாகத் தெரிந்தது எனக்கு. துடைப்பத்தோடு நின்றேன்.

"தனியாப் போய் என்னத்தப் பாக்கப் போற? தண்ணி மேலேருந்து கீழ விழும். அவ்வளவுதானே?"

"அது விழுறதத்தான் பாக்கப் போறேண்ணா."

"கூட யாராச்சும் வரட்டும்."

"யாரு, நீங்களா? மாடி ஏறவே நடுவுல உக்காந்துக்குறீங்க."

கடைசியில் அண்ணி குறுக்கே வந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தாள். போய்ச் சேரும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் தன் படத்தை அனுப்ப வேண்டும். அண்ணன் அதிலும் ஒரு நிபந்தனை போட்டார். "தலையிலேருந்து கால் வரைக்கும் தெரியணும். அப்பத்தான் அடிகிடி பட்டிருக்கான்னு தெரியும். ஏதாவது கோல்மால் பண்ணின, கார் சாவி என் கைக்கு வந்துடணும். இந்த ஊர்சுத்துற வேலையெல்லாம் அதோட முடிஞ்சுது."

போனாள். படம் வந்தது. முதலில் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பு, அப்புறம் ஓர் அருவி. அண்ணி எனக்குக் காட்டினாள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கண்ணில் பட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை, வாய் கொள்ளாத சிரிப்போடு நிற்கிறாள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கு. யாரு எடுத்தா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அண்ணன் போனைப் பிடுங்கிப் பார்த்தார். "நம்மளப் பாத்து இவ என்னிக்காவது இப்படிச் சிரிச்சிருக்காளா?"

மறுநாள் காலையில் வாடகைக் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். அடுத்து எந்த அருவிக்குப் போகிறாள் என்பதை அவளே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அண்ணன் சட்டைப் பையில் அவள் காருடைய இன்னொரு சாவி. எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சாட்சி என்று ஒன்று வேண்டாமா?

மலையடிவாரத்தில் அவள் கார் நின்றது, கதவு வரைக்கும் சேறு. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. அண்ணன் ஆபீஸ் ஷூவில் வழுக்கி வழுக்கி ஏறினார். கண்ணில் பட்ட பாறையிலெல்லாம் உட்கார்ந்தார். "எவனோ கையப் புடிச்சுத்தான் ஏத்தி விட்டிருக்கான். இல்லேன்னா ஒரு பொம்பள தனியா இதுல ஏறிட முடியுமா?" என்றார். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் அண்ணி.

மேலே கம்பி வேலி போட்ட ஓர் இடம். எதிர் மலையில் அருவி விழுந்துகொண்டிருந்தது. வேலியோரம் இவள், இடுப்பில் கை வைத்து, அதே சிரிப்பு. எதிரே ஒரு ஆளும் இல்லை.

"எங்க அவன்?" என்றார் அண்ணன், மூச்சுக்கு நடுவில்.

"நீங்க எங்கண்ணா இங்க? எவன்?"

"படம் எடுக்குறவன்!"

எங்கள் மூவரையும் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு கையை நீட்டினாள். "அதோ நிக்கிறாரு உங்க மாப்பிள்ள. தங்கமானவரு. வாயே திறக்க மாட்டாரு."

வேலிக் கம்பத்தின் தலையில் அவள் செல்போன் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடித்திருந்தது பல்செட்டுக்கு ஈறு வைக்கிற ரோஸ் மெழுகு, ஒரு பெரிய உருண்டை. "டைமர் வெச்சுட்டு ஓடி வந்து நிப்பேன். தலையிலேருந்து கால் வரைக்கும் வேணும்னீங்கல்ல? கைய நீட்டி எடுத்தா காலு எங்கேருந்து தெரியும்?"

அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவ்வளவு உயரம் ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்க மனசு வருமா?

"சரி, ஆனது ஆச்சு. பாத்தது போதும், கிளம்பு. வண்டிய நான் ஓட்டுறேன்." சாவியை எடுத்துக் காட்டினார்.

"மேல இன்னொரு அருவி இருக்கு. அதுக்காகத்தான் வந்தேன்."

"நான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல?"

"வண்டிய எடுத்துட்டுப் போங்கண்ணா. சாவி உங்க கையில இருக்கு, வண்டி கீழ நிக்குது. இதுக்கு மேல வண்டி போகாது, காலுதான் போகும். காலு என்னோடது."

"அப்புறம் எப்படி வீட்டுக்கு வருவ?"

"பஸ்ஸுல வருவேன். வேற வண்டி வாங்குவேன். திரும்பவும் வருவேன். எத்தன சாவிய வாங்கி வெச்சுக்குவீங்க?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "என்னப் பாக்காதீங்க, உங்கள இழுத்தே எனக்குத் தோள் போச்சு" என்றாள் அவள்.

பல்செட் போனைப் பிய்த்தெடுத்தாள். மெழுகை உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பாதையில் ஏற ஆரம்பித்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் வாயை மென்றுகொண்டிருந்தார். பிறகு கத்தினார்: "போய்ச் சேந்ததும் படமாவது அனுப்பு!"

"அனுப்ப மாட்டேன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் இறங்கினோம். அவளுடைய காருக்குப் பக்கத்தில் அண்ணன் சாவியோடு நின்றார், டயரை ஒருமுறை உதைத்தார், பேசாமல் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அண்ணி போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும்தான். ஒன்றும் வரவில்லை.

லீவு முடிந்து வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இப்போதெல்லாம் நினைத்தால் கிளம்பிவிடுகிறாள். போகிறேன் என்பாள், போகட்டுமா என்று கேட்பதில்லை. ஆனால் அந்த மேல் அருவி எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர், அங்கே வேறு யார் இருந்தார்கள், எதுவுமே இன்றுவரை எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. இது நியாயமா? பொறுக்கமாட்டாமல் ஒருநாள் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேவிட்டேன்.

"மேல அப்படி என்னதாம்மா இருந்துச்சு?"

"ஏறிப் போய்ப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டாள்.